முப்பத்திரண்டும் நாற்பதும்

என் கடையின் பின்புறம் கழற்றிப் போட்ட பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த அடுக்கைத்தான். ஸ்பேனரை அப்புறம் பிடிக்கலாம், முதலில் இதைப் படி என்பேன். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் நிற்கிற டயர், காற்றுக் குறைவாக ஓடியது. ஒரு ஓரம் மட்டும் சாய்வாக வழித்தெடுத்த மாதிரி இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். ஓரங்களில் பட்டன் புதுசு போல நிற்க, நடுவில் மட்டும் சுற்றிலும் மொட்டையாகியிருந்தால் அது காற்று அதிகமாக ஓடிய டயர்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்தக் கடைசி வகையைக் கார் டயரில் அபூர்வமாகத்தான் பார்த்தேன். இப்போது அடுக்கில் கை வைத்தால் ஒன்று வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். இரண்டு ஓரத்து ரப்பரும் உழைக்காமலே குப்பைக்குப் போகிறது என்பது ஒரு பக்கம். அந்த வண்டியில் போன குடும்பம் இத்தனை காலமும் முழு டயருக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதி டயரின் பிடிமானத்தில்தான் போய் வந்திருக்கிறது என்பதுதான் பெரிய கஷ்டம்.

"அண்ணா, நாலுக்கும் நாப்பது போட்டுடுங்."

ஒரு நாளில் அதிகமாகக் காதில் விழும் வாக்கியம் இது. சின்னக் காரோ பெரிய காரோ, முன் சக்கரமோ பின் சக்கரமோ, ஒருவர் போகிறாரா ஏழு பேர் போகிறார்களா என்ற பேச்சே இல்லை, எல்லாவற்றுக்கும் நாற்பது. நான் கேஜை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கச் சொல்வேன். எதற்கு என்பது போலப் பார்ப்பார்கள். கதவு வந்து மோதுகிற தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். வண்டி வாங்கிப் பல வருஷம் ஆகியும் அதைப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். பார்த்துவிட்டு, "முப்பத்திரண்டுதான் போட்டிருக்குதுங்க" என்பார்கள், ஏதோ நான்தான் அச்சடித்து ஒட்டியது மாதிரி.

நான் தொழில் கற்றது நாமக்கல்லில். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களும் தெருத் தெருவாக நிற்கிற ஊர். பத்தாவதோடு படிப்பு நின்றதும் மாமா கொண்டுபோய் ஒரு லாரி டயர் கடையில் விட்டார். அங்கே இருந்த மேஸ்திரி பேச்சுக் குறைவான மனுஷன். லாரிக்கு அப்போதெல்லாம் 10.00-20 நைலான் டயர். டயருக்குள் டியூப், டியூபுக்கு அடியில் பிளாப், அதற்கும் கீழே டிஸ்க், டிஸ்க்கின் வாயை அடைத்தாற்போல இரும்பு லாக் ரிங். ரிங்கை லெவரால் நெம்பிச் சுத்தியால் தட்டி உட்கார வைத்துவிட்டுக் காற்றை ஏற்ற வேண்டும். நூறு பி.எஸ்.ஐ.க்கு மேலே போகும். நூறு பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர அங்குலத்தின் மேல் 45 கிலோ தள்ளுகிறது. உள்ளங்கையளவு இடத்தை இருபது சதுர அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அந்த இடத்தில் மட்டும் 900 கிலோ. ரிங் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் அத்தனை பலத்தோடும் அது தெறித்து வரும். இந்தத் தொழிலில் ஆட்கள் செத்ததும் கை கால் போனதும் பெரும்பாலும் இந்த ரிங்கால்தான்.

மேஸ்திரி காற்றை ஏற்றும் முன் ரிங்குக்கும் டிஸ்க்குக்கும் ஊடே சங்கிலியைக் கோர்த்துக் கட்டுவார், அல்லது ரிங் பக்கத்தைத் தரையைப் பார்த்துக் கவிழ்ப்பார். ஓஸின் கிளிப்பை வால்வில் மாட்டிவிட்டு எல்லோரும் தள்ளிப் போய்விட வேண்டும். டயரின் முகத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, நின்றால் அடிதான். ஒருநாள் பக்கத்துக் கடையில் ரிங் உட்காராமலே காற்று ஏறிவிட்டது. சத்தம் கேட்டு ஓடினோம். ரிங் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. காற்றுப் பிடித்த பையன் கிளிப்பை மாட்டிவிட்டு விலகி நின்றிருந்தான், அதனால் பிழைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் மேஸ்திரி வழக்கத்துக்கு மாறாக எங்களை உட்கார வைத்துப் பேசினார். "கண்ணுக்குத் தெரியாதுங்கறதால காத்தை எளக்காரமா நெனைச்சிராத சாமி. உள்ளே இருக்கற வரைக்கும் அது சொமை தூக்குது. வெளிய வந்துச்சுன்னா ஆளையே தூக்கிரும்."

காற்றுதான் சுமை தூக்குகிறது என்று அவர் சொன்னதற்குள் இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது. அதன் கணக்கு எனக்குப் பிடிபட்டது பின்னால், கரூரில் கோவை போகிற சாலையோரமாகச் சொந்தக் கடை போட்டு, கார்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகு.

கார் வேலைக்கு வந்ததும் முதலில் தெரிந்துகொண்டது, லாரியில் பழகிய கண்ணும் காதும் இங்கே உதவாது என்பதுதான். லாரி டிரைவர் இறங்கி வந்து இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிக் கேட்பார். பின்னாலே இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்று இறங்கியிருந்தால் சத்தம் தொப்பென்று அமுங்கிப் போகும், காற்று இருந்தால் டங்கென்று எழும்பும். அடியோடு இறங்கிய டயரைக் கண்டுபிடிக்க அது போதும். கார் டயரில் முப்பதுக்கும் நாற்பதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தட்டியோ உதைத்தோ கட்டைவிரலால் அமுக்கியோ எந்த மனுஷனாலும் சொல்ல முடியாது. நானும் என் பையன்களும் பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறோம். கேஜ் ஒவ்வொரு முறையும் எல்லோரையும் பொய்யாக்கியது.

கண் ஏமாறுவதற்குக் காரணம் ரேடியல் டயர். அம்பாசடர் காலத்து நைலான் டயரில் உள்நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும். அது தரையில் பட்டுக் கொஞ்சம் பிதுங்கினாலே காற்றுக் குறைவு என்று அர்த்தம். ரேடியலில் நூல்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகின்றன. பட்டனுக்கு அடியில் மட்டும் ஸ்டீல் பெல்ட் சுற்றியிருக்கும். பக்கச் சுவர் மெத்தென்று இருக்க வேண்டும் என்றே செய்தது அது. சரியான காற்று இருக்கும்போதே கீழே லேசாகப் பிதுங்கி நிற்கும். அப்பா, சித்தப்பா காலத்துப் பார்வை அதைப் பார்த்ததும், "காத்துக் கம்மியா இருக்குதுங்களே" என்கிறது. பிதுக்கம் மறைகிற வரைக்கும் ஏற்றச் சொல்கிறது. அது மறையும்போது கேஜ் நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் வாடிக்கையாளர். எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவர். ஒருமுறை, "தம்பி, நீங்க சொல்ற எண்ணு தப்பு. டயர்லயே 44 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கான்" என்று குனிந்து காட்டினார். அவர் காட்டிய எழுத்து உண்மைதான். ஆனால் அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சபட்ச அழுத்தம். டயர் செய்தவனுக்கு அது எந்தக் காரில் ஏறப்போகிறது என்று தெரியாது. ஒரே அளவு டயர் சின்ன ஹேட்ச்பேக்கிலும் ஓடும், அதைவிடக் கனமான செடானிலும் ஓடும். எந்த வண்டியின் எடை எவ்வளவு, அதில் முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு என்று பார்த்து எண் போடுகிறவன் கார் செய்தவன். அவன் போட்ட எண்தான் கதவுத் தூணில் இருக்கிறது.

ஆசிரியர் அல்லவா, கணக்காகச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று கடைச் சுவரிலேயே கரியால் எழுதிக் காட்டினேன். வண்டியும் ஆளும் சேர்ந்து ஆயிரம் கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. 32 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 250-ஐ 2.25-ஆல் வகுத்தால் 111 சதுர சென்டிமீட்டர். தரையில் படிகிற இடம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு மனுஷனின் உள்ளங்கை அளவு. இதையே 45-க்கு ஏற்றினால் சதுர சென்டிமீட்டருக்கு 3.16 கிலோ. வகுத்தால் 79. டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் தாங்கும் என்பதால் நிஜத்தில் எண்கள் சற்று மாறலாம், ஆனால் போகிற திசை இதுதான். காற்றை ஏற்ற ஏற்ற டயரின் நடுப்பகுதி உப்பி, ஓரங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது பிரேக்கை மிதித்தால் வண்டியை நிறுத்தப்போவது அந்த நான்கு உள்ளங்கைகள்தான். அவர் வெகு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலு டயரையும் 32-க்கு இறக்கச் சொன்னார்.

அதிகக் காற்றின் கெடுதல் ஓட்டுகிறவருக்கு உடனே உறைப்பதில்லை. ஸ்டியரிங் இலேசாகிவிடும், வண்டி துள்ளலாக ஓடும், அது அவருக்குப் பிடிக்கவும் செய்யும். மைலேஜ் கொஞ்சம் கூடும் என்பதும் பொய்யில்லை. டயர் மடங்கி நிமிர்வது குறைவதால் உருள்வதற்கு ஆகிற செலவு குறைகிறது. அந்த மிச்சத்துக்குப் பதிலாகக் கொடுப்பதுதான் அதிகம். டயர் என்பது வண்டியின் முதல் ஸ்பிரிங். சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளத்தை அது விழுங்கிக்கொண்டால்தான் மேலே இருக்கும் ஷாக் அப்சார்பருக்கு வேலை குறையும். விறைத்த டயர் எதையும் விழுங்காது, அப்படியே மேலே அனுப்பும். புஷ்கள் தேயும், ஷாக் அப்சார்பர் கசியும், டேஷ்போர்டு கிறீச்சிடும். நம் ஊர்ச் சாலையில் இருபதடிக்கு ஒருமுறை ஒட்டுப் போட்டிருக்கும். அந்த ஒட்டுகளின் மேல் சக்கரம் தரையில் பதிந்து உருளாமல் குதித்துக்கொண்டே போகும். குதிக்கிற சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? காற்றில் இருக்கும் அந்த நொடியில் டயர் எதையும் பிடிக்க முடியாது.

குழியில் இறங்கும்போது இன்னொன்று நடக்கிறது. அளவான காற்றுள்ள டயர் குழியின் விளிம்பில் மோதும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விறைத்த டயருக்கு வளைய இடம் இல்லை. மோதிய வேகம் முழுவதையும் உள்நூல் வாங்குகிறது. இரண்டு நூல் அறுந்தாலும் வெளியே எதுவும் தெரியாது. சில நாளில் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு எழும்பும். (காற்றுக் குறைவாக இருந்தாலும் இதே புடைப்பு வரும். அப்போது டயர் டிஸ்க்குக்கும் குழி விளிம்புக்கும் நடுவே நசுங்கி நூல் அறுகிறது.) புடைப்புக்கு வைத்தியம் கிடையாது. அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர்த் தோல்தான். "உள்ளே ஒட்டுப் போட்டுக் குடுங்கண்ணா, பழனி போய்ட்டு வந்து மாத்திக்கறேன்" என்று கேட்கிறவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை, வேலையும் செய்வதில்லை. ஸ்டெப்னியை மாட்டி அனுப்புவேன்.

கால்டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர். நல்ல உழைப்பாளி, வண்டியைத் துடைத்து வைத்திருப்பார். மைலேஜுக்காக எப்போதும் நாற்பதுக்கு மேல். டயர் மாற்ற வந்தபோது பட்டனின் ஆழத்தை அளந்து காட்டினேன். நடுவில், பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன ரப்பர் மேட்டைத் தொட்டுவிட்டது. அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம், அதைத் தொட்டால் டயரைக் கழற்றிவிட வேண்டும். ஓரங்களில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததும் டயரில் விட்டதும் எவ்வளவு என்று அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டார். இப்போது அவர்தான் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்குச் சொல்கிறார்.

நாற்பது என்ற பழக்கத்துக்கு எங்கள் தொழிலிலும் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. புது டயர் மாட்டும்போது அதன் பீட், அதாவது உள்விளிம்பு, டிஸ்க்கின் விளிம்பில் போய் உட்கார வேண்டும். அதற்காகக் காற்றைக் கூடுதலாக ஏற்றுவோம், நாற்பதுக்குள். பட் பட்டென்று இரண்டு சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது. பிறகு கதவு எண்ணுக்கு இறக்க வேண்டும். கூட்டம் இருக்கிற கடையில் அந்தக் கடைசி வேலை விட்டுப் போகும், டயர் உட்கார வைத்த காற்றோடேயே ரோட்டுக்குப் போகும். புதுக் காரும் அப்படித்தான். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரும்போதும் யார்டில் நாள்கணக்காக நிற்கும்போதும் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடாமல் இருக்க அதிகமாக ஏற்றி அனுப்புவார்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் இறக்க வேண்டும். மாலை போட்டுத் தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் கொண்டுபோன வண்டி நேராக என் கடைக்கு வந்து, கேஜ் வைத்தால் 46 காட்டிய நாட்கள் உண்டு.

பங்க்கில் காற்றுப் பிடிக்கிறவர்களுக்கு வேறு நெருக்கடி. காற்றுக் குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். அதிகமாக இருந்தால் யாரும் வந்து சண்டை போட்டதே இல்லை. வெயிலில் நாள் முழுக்க நிற்கிற அந்தப் பெண்ணோ பையனோ இரண்டு கூட வைத்து அனுப்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாராவது காற்றைத் திறந்துவிட்டு ஆபத்தில் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் வெயில் கடுமை. கோடைகாலத்தில் டிவி வானிலைச் செய்தியில் கரூர் பரமத்தி என்ற பெயர் மேல் வரிசையிலேயே இருக்கும். சித்திரை பிறந்ததும் ஒரு பேச்சு கிளம்பும்: "வெயிலுக்குக் காத்து விரியும், டயர் வெடிச்சிரும், அஞ்சு கம்மியா வெச்சுக்கலாம்." இதைவிடத் தப்பான யோசனை இந்தத் தொழிலில் கிடையாது.

காற்று விரியத்தான் செய்யும். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் கார் டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல ஏறும். காலையில் 27 டிகிரியில் 32 வைத்த டயர், மத்தியானம் நெடுஞ்சாலையில் ஓடி 60 டிகிரியைத் தாண்டும்போது 37 காட்டும். அது இயல்பு. குளிர்ந்த டயருக்கு 32 என்று எழுதினவனுக்கு ஓடும்போது 37 ஆகும் என்று தெரியும். அதைத் தெரிந்துதான் எழுதினான். டீக்கடையில் நிறுத்திய இடத்தில் கேஜ் வைத்துப் பார்த்துப் பயந்து 32-க்கு இறக்கினால், மறுநாள் காலை அதே டயரில் 27-தான் இருக்கும். அந்த 27-ஓடு நான்கு பேரும் சாமானும் ஏறிக் கிளம்புவார்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாக மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறுவது போல ரப்பர் உள்ளுக்குள் சூடாகும். அந்தச் சூட்டில் நூலும் ரப்பரும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். ஓடும் வண்டியில் டயர் கிழிந்து பறப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். நல்ல டயர் நாற்பதினாலேயே வெடித்துவிடாது. அதிகக் காற்று பிடிமானத்தையும் தாங்கும் சக்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும். குறைந்த காற்று ஒரே நாளில் கொல்லும்.

அமெரிக்காவில் நடந்தது உலகம் அறிந்த விஷயம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. வெயில் பிரதேசங்களில் வேகமாகப் போகும்போது பட்டன் பகுதி உரிந்து வந்து, வண்டிகள் உருண்டு, 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வண்டிக்கு ஃபோர்டு எழுதிவைத்த எண் 26 பி.எஸ்.ஐ. டயர் கம்பெனி 30 வைக்க வேண்டும் என்றது. டயரின் தரம், வண்டியின் அமைப்பு, காற்றின் அளவு என்று யார்மேல் தவறு என்பதில் இரண்டு கம்பெனியும் மோதிக்கொண்டன. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அங்கே சட்டம் வந்து, புதுக் கார்களில் காற்றுக் குறைந்தால் விளக்கு எரிகிற சென்சார் கட்டாயமானது. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து, நாலு பி.எஸ்.ஐ.தானே என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

அந்த விளக்கு இப்போது நம் ஊர்க் கார்களிலும் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அதை நம்பிக் கேஜைத் தூக்கிப் போடக் கூடாது. பல வண்டிகளில் காற்று கால்வாசி குறைந்த பிறகுதான் எரியும். 32 வைக்க வேண்டிய இடத்தில் 24 ஆகும்வரை பேசாமல் இருக்கும். அதிகமாக இருப்பதைப் பெரும்பாலானவை சொல்லவே சொல்லாது. நைட்ரஜன் பிடிப்பவர்களும் இனிக் காற்றே பார்க்க வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாத வாயு என்பது நல்லதே, கசிவும் கொஞ்சம் மெதுவாகும். வெப்பத்துக்கு அதுவும் விரியும், ஆணி குத்தினால் அதுவும் இறங்கும். எங்கேயும் குத்தாத நல்ல டயரிலேயே மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் குறையும்.

ஆகவே காலையில் பாருங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, வெயில் டயர்மேல் படுவதற்கு முன்னால். குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஒரு கேஜ் சொந்தமாக வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெட்ரோல் டேங்க் செலவில் எத்தனையோ கேஜ் வாங்கலாம். பங்க்கில் ஓஸ் நாளைக்கு நூறு முறை தரையில் விழுகிறது, மிஷின் எந்த வருஷம் சரிபார்த்தது என்று தெரியாது. சொந்தக் கேஜ் இருந்தால் அது காட்டும் எண்ணையும் மிஷின் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில மிஷின்களில் பார் என்ற அளவு இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., ஆக 2.2 பார் என்றால் 32. ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எண் இருக்கும்: இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏறும்போது ஒன்று. சபரிமலைக்கோ கொடைக்கானலுக்கோ மொத்தக் குடும்பமும் கிளம்பும்போது இரண்டாவது வரிசையைப் பார்க்க வேண்டும். பின் சக்கரத்துக்கு அங்கே கூடுதலாக இருக்கும். அது அவசியமான கூடுதல்.

மலை ஏறுகிறவர்கள் அங்கே குளிருக்குக் காற்று இறங்கிவிடுமா என்று கேட்பார்கள். குளிரால் இறங்கும், ஆனால் உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். மேட்டுப்பாளையத்தில் வைத்த காற்றை 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அங்கே போய் எதுவும் செய்ய வேண்டாம்.

ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. பின்னால் டிக்கியில் சாமானுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்து, நடுராத்திரியில் கழற்றி மாட்டும்போது அதில் 15 இருக்கும். அதற்கு மட்டும் நான் ஒன்றிரண்டு கூடவே வைத்துக் கொடுப்பேன், கிடக்கக் கிடக்கக் குறையும் என்பதால். இப்போது சில கார்களில் வருகிற ஒல்லி ஸ்டெப்னி வேறு ஜாதி. அதில் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கும், அது தப்பு அச்சு அல்ல. அதை மாட்டிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, பக்கத்துக் கடை வரைதான் போக வேண்டும். காற்றுப் பார்க்கும்போதே பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் முழுசாக இருந்தாலும் வெயிலில் நின்று ரப்பர் வெடித்த பழைய டயருக்கு எந்த எண்ணும் காப்பு இல்லை. வால்வு மூடி காணாமல் போயிருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள், மணல் போய் வால்வு பின்னில் உட்கார்ந்தால் கசியும்.

ஓடிச் சூடான வண்டியோடு கடைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் செய்வது இது: காற்றை இறக்க மாட்டோம். சூட்டிலேயே கதவு எண்ணைவிடக் குறைவாகக் காட்டினால் அந்த எண்ணுக்கு மேல் நான்கு வைத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த பிறகு சரிபார்க்கச் சொல்வோம். பில்லின் பின்னால் முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, ஸ்டெப்னிக்கு எவ்வளவு என்று பையன்கள் எழுதிக் கொடுப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்காகக் காலை ஆறரைக்கே கம்ப்ரெசரைப் போட்டுவிடுகிறேன். ஒன்றரை கிலோமீட்டருக்குள் வீடு இருந்து, மெதுவாக ஓட்டி வந்தால் டயர் சூடாவதில்லை, அப்போதே கதவு எண்ணை வைத்துவிடலாம். காற்றுக்கு மட்டும் வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை.